மாரிகாலப் பாசறை

விழா மலரொன்றிலே கல்லூரியின் பழம்பெருமையைப் பேசுவதும், மறைந்த ஆசான்மாரை நினைந்து கைகூப்புவதும் மரபு. அம்மரபை நாம் பெரிதும் மதிக்கின்றோம். ஆயினும் எமக்கெனத் தரப்பட்ட இச்சில பக்கங்களைப் பழைய மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் இன்றைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம் செய்வதற்கே பயன்படுத்த விரும்புகின்றோம். பொருள் சிறியது, நனைந்த விறகிலே தீ மூட்டுவது பற்றியது. பெருவிழாவிலே விறகைப் பற்றியா பேச்சு என நகைப்போரும் இருக்கலாம். அன்னார் இறுதிவரை பொறுத்து வாசிப்பாராக.

எமது விண்ணப்பம் இதுதான். சாரணர் பாசறையை ஆகஸ்ட் மாத வெயிலிலே மாத்திரம் நடத்தும் வழக்கத்தை மாற்றி, மாரிகாலத்திலும் ஆண்டுக்கொரு பாசறை நடத்துதல் வேண்டும். அதனைக் கல்முனைக் கரையிலே, அப்பகுதி முஸ்லிம் மாணவரோடு கூடி நடத்துதல் வேண்டும். அப்பாசறையின் முதற்பாடம் ஈரவிறகிலே உலை கொதிக்க வைப்பதாயிருத்தல் வேண்டும்.

சாரணர் இயக்கத்தின் தோற்றத்தைச் சற்றே நினைந்து பார்ப்போம். 1907ஆம் ஆண்டிலே பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சித் தீவிலே ஒரு சிறு கூட்டம் பையன்களைக் கொண்டு முதற்பாசறையை நடத்தினார். மறு ஆண்டிலே அவரது நூல் வெளிவந்தது. 1912இலே பிரான்சிஸ் ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ் என்பவர் மாத்தளையிலே இவ்வியக்கத்தை இலங்கை மண்ணில் ஊன்றினார். அந்நாளைய சாரணத் தேர்வுகளுள் ஒன்று, திறந்த வெளியிலே விறகடுக்கி, இரண்டு தீக்குச்சிகளுக்கு மேற்படாமல் தீ மூட்டிக் காட்டுவது. எந்நாளிலும் மழை பெய்யக்கூடிய இங்கிலாந்திலே அஃது உண்மையான சோதனை. 1929இலே அந்நாட்டின் ஆரோ பார்க்கிலே கூடிய உலக சாரணர் பெருங்கூட்டம் மழைக்கும் சேற்றுக்குமே பேர்போனது. அச்சேற்றிலே நின்றுகொண்டுதான் பல நாட்டுப் பிள்ளைகளும் சமைத்து உண்டனர்.

எமது கீழ்க்கரையின் நிலைமை வேறு. கச்சான் காற்று வீசும் ஆகஸ்டிலே ஓலையும் சருகும் முறுகிக் கிடக்கும். முதற்குச்சியிலேயே தீப்பற்றிவிடும், இரண்டாவது குச்சிக்கு வேலையே இராது. பையன் தேர்விலே தேறிவிட்டான் என்று சின்னம் சூட்டுகின்றோம். ஆனால் அவனுக்கு அத்தேர்வு கற்பித்தது யாது? காய்ந்த ஓலை எரியும் என்பதை அவன் முன்னரே அறிவான். அண்மைக்காலப் பாசறைகளிலே நாம் கண்டதொன்றுண்டு. விறகிலே சிறிது பனி ஈரம் பட்டிருந்தாலும் பிள்ளைகள் மண்ணெண்ணெய்ப் போத்தலைத் தேடுகின்றனர். ஊற்றிய எண்ணெய் பெருஞ்சுடராய் எழுந்து, எண்ணெய் தீர்ந்ததும் தானே அவிந்துவிடுகின்றது. விறகு கரி பூசிக்கொண்டு அப்படியே கிடக்கின்றது. அவிந்துபோல் தோன்றும் தணலின்மேல் மீண்டும் எண்ணெய் ஊற்றப் போனால் அது கையையும் முகத்தையும் சுட்டுவிடும். அறியாமையோடு ஆபத்தையும் சேர்த்தே பயில்கின்றனர் எனலாம்.

மாரியிலே பாசறை அமைப்பது தமிழர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, கூதிர்க்காலப் பாசறையிலே நள்ளிரவிலும் துயிலாது புண்பட்ட வீரரிடையே நடந்து திரியும் அரசனைக் காட்டி முடிகின்றது. அப்பாட்டின் தொடக்கத்திலே நக்கீரர் காட்டும் காட்சி எமது பொருளுக்கு இன்னும் அணுக்கமானது. பெருமழையால் நிலம் வெள்ளமாகவே, கோவலர் தம் ஆநிரையை வேறிடத்துக்குப் பெயர்த்துச் செல்கின்றனர். பலர் ஒருங்கு கூடிக் கொள்ளிகளிலே கைகாய்ந்து குளிரால் நடுங்குகின்றனர். வெள்ளத்தால் இடம்பெயர்ந்தோர்க்கு முதலில் வேண்டுவது தீ என்பதை அப்புலவர் கண்டிருக்கின்றார். நற்றிணையின் 142ஆம் பாட்டிலே இடைக்காடனார் காட்டும் பால் விற்கும் இடையனோ, மழைநாளிலே தீக்கடைகோலைப் பையிலிட்டுத் தோலோடு சுருட்டி, ஓலைப்பாயோடு முதுகிலே சுமந்து நிற்கின்றான். துவலை அவன் உடம்பின் ஒரு புறத்தை நனைக்கின்றது. தான் நனைந்தாலும் தீக்கோல் நனையலாகாது என்பதை அவன் அறிந்திருந்தான் என்றே கொள்ளலாம். மாரிகாலப் பாசறையிலே எமது பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய முதல் விதியும் அதுவே.

இனி, கல்முனைக் கரையை நாம் ஏன் தெரிந்தோம் என்பதைச் சொல்வோம். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என ஊரோடு ஊர் தொடர்ந்து கிடக்கும் நீண்ட மணற்றிடல் அது. கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல்வட்டை. இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்திலே தமிழரும் முஸ்லிம்களும் வேலிக்கு வேலி அயலவராய் வாழ்கின்றனர். ஆண்டு முழுவதற்கும் உரிய மழையின் பெரும்பகுதி நவம்பர் முதல் ஜனவரி வரையிலான வாடைக்காலத்திலேயே அங்கே கொட்டித் தீர்க்கின்றது. அப்போது வட்டையெல்லாம் கடலாகும். கிட்டங்கித் தாம்போதியின்மேல் வெள்ளம் பாயும். மேற்குக் கரையூர்களுக்கும் கிழக்குக் கரையூர்களுக்கும் போக்குவரத்து அறுந்துபோகும்.

கீழ்மாகாணத்தார் நினைவிலே நிலைத்து நிற்கும் இயற்கைப் பேரிடர்களின் காலத்தை எண்ணிப் பார்ப்போம். பெருவெள்ளம் வந்தது 1957 டிசம்பரிலே. மட்டக்களப்பையும் அதனை அடுத்த ஊர்களையும் புரட்டிய சூறாவளி வீசியது 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவிலே. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்ற கடற்கோள் எழுந்தது 2004 டிசம்பர் 26ஆம் திகதி. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களை மீண்டும் மூழ்கடித்த வெள்ளம் 2011 ஜனவரியிலே வந்தது. 2024 நவம்பரிலும் அவ்வூர்கள் நீருள் நின்றன. இவையனைத்தும் நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையிலேயே நிகழ்ந்தவை. ஆகஸ்டிலே நிகழ்ந்தது ஒன்றேனும் இப்பட்டியலில் இல்லை. துன்பம் மாரியிலே வருகின்றது. பயிற்சியை நாம் கோடையிலே கொடுக்கின்றோம். வெள்ளம் வருமுன் அணை கோலுக என்றனர் முன்னோர். நாமோ வெள்ளம் வாராத இடத்திலே அணை கோலிக்கொண்டிருக்கின்றோம்.

அத்தகைய நாட்களிலே நடப்பது யாது? மக்கள் பாடசாலைக்கும் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் ஓடுகின்றனர். உடுத்த துணி ஈரம், கைக்குழந்தை அழுகின்றது, கிணறுகளிலே வெள்ளநீர் கலந்துவிடுகின்றது. அரசினதும் தொண்டர்களினதும் உதவி வந்துசேரும். ஆனால் பாதை மூழ்கியிருக்கையில் அது முதல்நாளிலேயே வந்துவிடுமென எதிர்பார்க்கலாகாது. அந்த முதலிரவிலே ஓர் அண்டா கொதிநீரும் ஒரு பானைக் கஞ்சியும் பலருடைய நலத்தைக் காக்கவல்லன. நீரைக் கொதிக்க வைத்தால் வயிற்றோட்டத்துக்கு அஞ்சவேண்டியதில்லை. சூடான கஞ்சி முதியோரைக் குளிரினின்றும் காக்கும். அரிசி எப்படியேனும் கிடைத்துவிடும். விறகும் வளவிலேயே கிடக்கும். ஆனால் அது நனைந்த விறகு. அதனைப் பற்றவைக்க வல்லார் ஒருவர் அங்கே உளரா என்பதே கேள்வி.

எரிவாயு அடுப்புள்ள காலத்திலே இந்தக் கேள்வி எதற்கு எனச் சிலர் வினவலாம். 2022ஆம் ஆண்டை அவர்கள் அதற்குள் மறந்துவிட்டனர் போலும். எரிவாயுக் கொள்கலனுக்காக நாடெங்கும் மக்கள் வரிசையிலே காத்து நின்றனர், மண்ணெண்ணெயும் அரிதாயிற்று, நகரத்து வீடுகளிலும் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினர். வெள்ளமுமின்றிப் புயலுமின்றியே அந்நிலை வந்தது. வசதி நல்லது; அதனை நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. வசதி அற்றுப்போகும் நாளிலே கையறு நிலையில் நிற்கலாகாது என்பதே எமது கருத்து.

ஈரவிறகு ஏன் பற்றுவதில்லை என்பதை விஞ்ஞான மாணவர்கள் எளிதில் விளங்கிக்கொள்வர். நீர் 100 பாகை செல்சியசிலே கொதித்து ஆவியாகின்றது. விறகினுள்ளே நீர் உள்ளவரை அதன் வெப்பநிலை அந்த எல்லையைத் தாண்டுவது அரிது. மரம் தீப்பற்றுவதற்கோ ஏறத்தாழ 250 முதல் 300 பாகை வரை வேண்டும். தீக்குச்சியின் சிறு சுடர் தரும் வெப்பமெல்லாம் நீரை விரட்டுவதிலேயே செலவாகிப்போக, மரம் பற்றுமுன் குச்சி அவிந்துவிடுகின்றது.

இன்னொரு கணக்கையும் பார்ப்போம். பச்சையாக வெட்டிய ஒரு கிலோகிராம் விறகிலே பாதி நீர் எனக் கொள்வோம். அந்த அரைக் கிலோகிராம் நீரைச் சூடாக்கி முற்றாக ஆவியாக்குவதற்கு ஏறத்தாழ 300 கிலோகலோரி வெப்பம் வேண்டும். எஞ்சிய அரைக் கிலோகிராம் மரம் எரியும்போது வெளிவிடுவதோ ஏறத்தாழ 2,000 கிலோகலோரி. வரவு செலவைவிடப் பன்மடங்கு பெரிது. ஆகவே ஈரவிறகினிடத்தே வெப்பம் இல்லாமலில்லை. தொடக்கம் மாத்திரமே அரிது. உலர்ந்த சிறு கரு ஒன்றை உண்டாக்கி, அதிலே தீயை நிலைநிறுத்திவிட்டால், அத்தீயே அயலிலுள்ள ஈரவிறகை உலர்த்தித் தனக்கு இரையாக்கிக்கொள்ளும். மழையிலே தீ மூட்டும் வித்தை முழுவதும் இந்த ஒரு கருத்தினுள் அடங்கும்.

அந்த உலர்ந்த கருவை எங்கே தேடுவது? மழையிலே கிடந்த விறகெல்லாம் உள்ளும் நனைந்தது அன்று. நிலத்திலே கிடக்கும் தடி நீரை உறிஞ்சியிருக்கும். மரத்திலேயே பட்டுப்போய் நிற்கும் கொம்போ மேற்பட்டையில் மாத்திரம் நனைந்திருக்கும். அதனைக் கோடரியாற் பிளந்தால் உள்ளே வயிரம் உலர்ந்திருக்கக் காணலாம். அவ்வயிரத்தைக் கத்தியாற் சுருள் சுருளாகச் சீவி, சுருள்கள் தடியினின்றும் அறுந்து விழாமல் விட்டால், அஃதொன்றே பஞ்சுபோலத் தீயை ஏற்கும். வைக்கோற் கும்பத்தின் மேற்புறம் நனைந்து கறுத்திருந்தாலும் உட்புறத்து வைக்கோல் மொரமொரவென்றிருக்கும் என்பதை உழவர் அறிவர். விறகும் அத்தகையதே.

கீழ்க்கரையிலே தென்னை இருக்கும்வரை தீக்குப் பஞ்சமில்லை. கூரையின் இறப்பிலே செருகிவைத்த பன்னாடை முதற்சுடரை ஏற்கும். கிழித்த பாளை அதனை வளர்க்கும். சிரட்டை நீரை எளிதில் உட்கொள்ளாதாகையால், துடைத்துவிட்டு இட்டால் நின்றெரிந்து நல்ல தணலைத் தரும். அதன்மேல் பிளந்த சிறு விறகும், பின்னர் பாலை, வீரை போன்ற வன்மரக் கட்டைகளும் இடப்படும். பச்சையையும் ஈரத்தையும் தீயினுள்ளே திணித்தலாகாது. தீயைச் சுற்றி வேலிபோல் அடுக்கி, ஆவி பறந்து உலர்ந்த பின்னரே ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுதல் வேண்டும். அடுப்புக்காகக் குழி தோண்டுவதும் கூடாது. மாரியிலே அம்மணலில் சிறிது தோண்டினாலே நீர் ஊறிவிடும். மட்டைகளையும் தடிகளையும் பரப்பி மேடைபோல் உயர்த்தி, வாடைக்காற்று வரும் வடகீழ்ப்புறத்தை ஓலைத்தட்டியால் மறைத்து, அம்மேடைமேலே தீ வளர்ப்பதே முறை.

இவையெல்லாம் நாம் புதிதாகக் கண்டுபிடித்தவையல்ல. எந்த அந்நிய நூலையும் பார்த்து அறியவேண்டியவையுமல்ல. பெரும்போக வேளாண்மை ஒக்டோபர், நவம்பரிலே விதைக்கப்பட்டு, மாரி முழுவதும் வளர்ந்து, மாசி, பங்குனியிலே அறுவடையாகின்றது. பன்றிக்கும் யானைக்கும் பயிரைக் காக்க, வட்டையின் நடுவே வாடியமைத்துப் பரண் கட்டி, மழையிரவுகள் தோறும் தீ அணையாது விழித்திருந்தவர்கள் எமது உழவர். முல்லைக்காரர் எனப்படும் அவ்வயற்றொழிலாளருள் தமிழருமுண்டு, முஸ்லிம்களுமுண்டு. மாரியிலே தீ மூட்டுவதில் அவர்களுக்கு நிகரான பேராசிரியர் எப்பல்கலைக்கழகத்திலும் இலர்.

பெருந்தீயை ஆளும் வல்லுநரும் அக்கரையிலே இருக்கின்றனர். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்திலே ஆண்டுதோறும் தீமிதிப்பு நடைபெறுகின்றது. எவ்விறகை எவ்வாறு அடுக்கினால் தணல் சீராக அமையும் என்பதை அத்தீக்குழியைப் பேணுவோர் தலைமுறை தலைமுறையாக அறிவர். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலிலே கொடியேற்ற விழாவின்போது கந்தூரிச் சமையல் நடைபெறுகின்றது. பென்னம்பெரிய பாத்திரங்களைத் திறந்த வெளியடுப்பிலேற்றி ஊருக்கே சோறாக்கும் அச்சமையற்காரர்கள் நெருப்பின் தன்மையை நாடி பிடித்தறிபவர்கள். கார்த்திகை விளக்கீட்டன்று கோயில்களிலே சொக்கப்பனை எரிவதும் மாரியின் நடுவேயன்றோ? உள்ளே உலர்ந்த ஓலையைப் பொதிந்து கட்டத் தெரிந்தவர் கட்டினால், தூறலிலும் அது வானளாவ எரிகின்றது. இவ்வறிவு எம்மவர் கையிலே இன்னும் இருக்கின்றது. ஆனால் அது முதியோர் கையிலே இருக்கின்றது. எரிவாயு அடுப்போடு வளர்ந்த பேரப்பிள்ளை அதனைக் கேட்பதுமில்லை. பாட்டனார் அதனை ஒரு கல்வியென்று எண்ணிச் சொல்வதுமில்லை. இன்னும் ஒரு தலைமுறை இவ்வாறே கழியுமாயின், நாம் இழந்தது யாதென்பதையும் அறியாதவர்களாவோம்.

எமது முன்மொழிவுக்குத் தடைகள் கூறப்படும் என்பதை நாம் அறிவோம். அவற்றுள் முதன்மையானது பிள்ளைகளின் பாதுகாப்பு. இத்தடையை நாம் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2024 நவம்பர் 26ஆம் திகதி, காரைதீவுக்கு மேற்கே மாவடிப்பள்ளியிலே, மதரசா மாணவர்களை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரமொன்று பாதைமேற் பாய்ந்த வெள்ளத்தால் அடித்துச் செல்லப்பட்டது. வீடு நோக்கிச் சென்ற பிள்ளைகள் உயிரிழந்தனர். அத்துயரம் தமிழர், முஸ்லிம் என்ற வேறுபாடின்றி அக்கரை முழுவதையும் அழவைத்தது. அந்நிகழ்ச்சியை நினைக்கும் பெற்றோர், மழையிலே பிள்ளையைப் பாசறைக்கு அனுப்பத் தயங்குவது இயல்பே.

ஆயினும் நாம் கேட்பது வேறு. மாரியை அறியாத பிள்ளை மாரியிலே பாதுகாப்பாக இருப்பானா? முழங்காலளவு நீர்தானே என்று தோன்றும் ஓட்டம் வளர்ந்த மனிதனையும் வாகனத்தையும் வீழ்த்தும் என்பதை, ஓடும் நீரைக் கடவாது கரையிலே நின்று திரும்புவதே வீரம் என்பதை, அவன் எங்கே கற்பான்? புத்தகத்திலே ஒருமுறை வாசித்தது அந்த வேளையில் நினைவுக்கு வாராது. மழை இரைச்சலின் நடுவே, பொறுப்புள்ள ஆசிரியர் பக்கத்திலே நின்று, நீரைச் சுட்டிக்காட்டிச் சொன்னதே உள்ளத்திலே பதியும். ஆகையால் மாரிகாலப் பாசறையிலே தீயைப் பற்றிய பாடத்தோடு நீரைப் பற்றிய பாடமும் இணைந்தே செல்லுதல் வேண்டும்.

பாதுகாப்புக்கான விதிகளையும் இங்கே தெளிவாகக் கூறிவிடுகின்றோம். பாசறை கடற்கரை மணலிலோ ஆற்றங்கரையிலோ அமைதலாகாது. உயர்ந்த நிலத்திலுள்ள பாடசாலை வளவொன்றிலே, கூப்பிடு தூரத்தில் உறுதியான கட்டிடம் நிற்க, அமைதல் வேண்டும். இடிமின்னல் தொடங்கியதும் அனைவரும் கட்டிடத்தினுள்ளே செல்லுதல் வேண்டும். கூடாரத்தினுள்ளும் மூடிய அறையினுள்ளும் தணலை வைத்தல் அறவே கூடாது. ஈரவிறகும் அரைத்தணலும் வெளிவிடும் காபனோரொட்சைட்டு வாசனையின்றியே உயிர் குடிக்கும். வயல்நீரிலே காலில் புண்ணுடையோர் இறங்கலாகாது. எலிக்காய்ச்சல் பற்றிச் சுகாதார அதிகாரிகளின் ஆலோசனையை முற்கூட்டியே பெறுதல் வேண்டும். உயிருள்ள மரத்தையும் களப்போரக் கண்டல் மரத்தையும் விறகுக்காக வெட்டலாகாது. வளிமண்டலவியல் திணைக்களம் கடும் எச்சரிக்கை விடுக்குமாயின் பாசறையை அன்றே கைவிடுதல் வேண்டும். அதில் இழுக்கொன்றுமில்லை. 2023 ஆகஸ்டிலே தென்கொரியாவிலே 40,000க்கு மேற்பட்டோர் கூடியிருந்த உலக சாரணர் பெருங்கூட்டமே, சூறாவளி நெருங்குவதறிந்து களத்தினின்றும் பெயர்க்கப்பட்டது. தக்க வேளையிற் பாசறையைக் கலைக்க அறிவதும் பாசறைக் கல்வியேயாகும்.

இரண்டாவது தடை, படிப்பைப் பற்றியது. பரீட்சைக்குத் தோற்றும் வகுப்பினரை விடுத்து ஏனையோரைக் கொண்டு ஒரு பகலும் ஓர் இரவும் பாசறை நடத்துவதால் எவர் படிப்பும் கெட்டுவிடாது. வெப்பம், ஆவி, காற்று, மண்ணீர் என்பவற்றைப் பற்றிக் கரும்பலகையிலே எழுதியதை அவ்வோரிரவிலே அவர்கள் கையாலே தொட்டறிவர். மூன்றாவது தடை வாய்விட்டுச் சொல்லப்படாதது, மனத்துள்ளே கிடப்பது. எமது பிள்ளைகள் ஏன் முஸ்லிம் ஊர்களுக்குச் சென்று முஸ்லிம் பிள்ளைகளோடு தங்கவேண்டும் என்பதே அது. இதற்கும் நேராகவே விடை கூறுவோம்.

கடந்த பல ஆண்டுகளிலே இவ்விரு சமூகங்களுக்குமிடையே கசப்பான நாட்கள் வந்து போயின என்பதை மறைப்பதாற் பயனில்லை. ஆனால் கடற்கோளின் அலை வீட்டுக்காரரின் பெயரைக் கேட்டுக்கொண்டு உள்ளே வரவில்லை. வெள்ளம் கோயில் வீதியையும் பள்ளிவாசல் முற்றத்தையும் ஒரே அளவில் நிரப்புகின்றது. அவ்வேளையிலே ஒரு கூரையின் கீழே ஒதுங்க நேரும் இரு ஊர்ப் பிள்ளைகள், ஒருவரையொருவர் முன்னரே அறிந்தவராயும் ஒரே அடுப்பிலே சேர்ந்து சமைத்தவராயும் இருப்பின், எத்துணை வேலைகள் எளிதாகும்! அறிமுகமில்லாதவனிடம் கோடரி கேட்க நாக்கூசும். பாசறைத் தோழனிடம் கேட்கக் கூசாது.

அப்பாசறையின் சமையலையும் இருவர்க்கும் ஒத்ததாக அமைப்பது கடினமன்று. சோறும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் மரக்கறியும் ஆக்கினால் எவருடைய நெறிக்கும் இழுக்கில்லை. தொழுகை வேளையிலே ஒரு சாரார் தொழச் செல்லும்போது மற்றையோர் அடுப்பைப் பார்த்துக்கொள்ளட்டும். இவர்கள் மாலைப் பிரார்த்தனைக்கு நிற்கும்போது அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். தீயை அவியாது காப்பதொன்றே இருசாரார்க்கும் பொதுவான கடமையாயிருக்கட்டும். அணிகளையும் கல்லூரிவாரியாக வகுக்காது, ஒவ்வோர் அணியிலும் இருசாராரும் கலந்திருக்குமாறு வகுத்தல் நன்று.

முன்னாளிலே தீப்பெட்டி சிக்கனமாகச் செலவிடப்பட்டது. இரவிலே தணலைச் சாம்பலால் மூடிவைப்பர். விடியலில் அது அவிந்திருந்தால், சிரட்டையோடு அயல்வீட்டுக்குச் சென்று இரண்டு தணல் வாங்கிவருவர். தணல் கேட்டு வந்தவரை எவரும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. கொடுத்தவர் அடுப்பிலே தீ குறைந்ததுமில்லை. அயலவர் என்ற சொல்லுக்கு அதனிலும் எளிய விளக்கம் வேறு கிடைப்பதரிது.

ஆகவே எமது விண்ணப்பத்தை மூன்று பகுதியாகப் பகுத்து வைக்கின்றோம். பழைய மாணவர் சங்கத்தார் இவ்விழா ஆண்டின் நினைவாகச் சாரணர்க்கு நல்ல கோடரிகள், கத்திகள், தார்ப்பாய்கள், நூறு பேருக்குச் சோறாக்கும் பாத்திரங்கள் ஆகியவற்றை வாங்கிக் கொடுப்பாராக. இவை பாசறைக்கு மாத்திரமன்றி, கல்லூரி மண்டபம் தஞ்சமடைந்தோர் இல்லமாக மாறும் நாளிலும் பயன்படும். சாரண ஆசிரியர்கள் கல்முனைப் பகுதிப் பாடசாலை ஆசிரியர்களோடு கலந்து பேசி, நாளையும் இடத்தையும் குறித்து, வட்டைக் காவலில் நரைத்த முதியோர் இருவரையேனும் ஆசானாக அழைப்பாராக. அவர்களுக்கு ஆசானுக்குரிய மரியாதையையும் அளிப்பாராக. மாணவர்களோ, ஆளுக்கொரு தகரப் பேணியிலே தீப்பெட்டியையும் ஒரு பிடி பன்னாடையையும் இறுக மூடி, வீட்டிலே உலர்ந்த இடத்தில் இன்றே எடுத்து வைப்பாராக.

எட்டுப் பிள்ளைகள் கொண்ட ஓர் அணி மழையிலே தீ மூட்ட வல்லதாயின், எண்ணூறு பேர் தஞ்சமடைந்த மண்டபத்திலே அந்த எண்மரைக் கொண்டு எட்டு அடுப்புகள் எரியும். கல்லூரி நாட்டுக்குச் செய்யும் பணிகளிலே இது மிகப் பெரியதன்று. ஆனால் வேண்டிய இரவிலே வேறெதனாலும் ஈடுசெய்ய முடியாதது. அடுத்த வாடை எழுவதற்கு இன்னும் சில மாதங்களே உள்ளன. அதற்குள் இவ்விண்ணப்பம் செயலாகுமென்று நம்புகின்றோம்.